அக்கா கழுவிய தொட்டிகள்

அக்காவுக்கு ஒரு நாற்காலி வேண்டும். மாளிகை கேட்கவில்லை, மந்திரி பதவி கேட்கவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டித் தொட்டிகளுக்கு நடுவே நின்று நின்று அவளுடைய முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. படியேறும்போது அவை போடுகிற சத்தம் கீழே நிற்பவர்களுக்குக் கேட்கும். லேப்பில் உட்கார்ந்து தண்ணீரைச் சோதிக்கும் பெரியவர் ஓய்வு பெறப் போகிறார், அவருடைய இடம் காலியாகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த ஃபிட்டரும் அக்கா என்பார், அவள் வயதில் பாதிகூட ஆகாத இன்ஜினியர் மேடமும் அக்கா என்பார். உடன்பிறந்த தம்பி என்னவோ ஒருவன்தான். அவனும் அதே நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறான். இஸ்திரி கலையாத சட்டை, படிய வாரிய தலை, எந்நேரமும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி இருப்பான். அதனால் நாற்பதைத் தாண்டி, பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகும் அவனுக்கு அங்கே மாப்பிள்ளை என்றுதான் பெயர். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. யார் யாரிடமோ போய் நின்று, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தாள்.

வேலை இதுதான். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்து, அழுக்கைத் திரள வைத்து, பெரிய குளங்களில் அடியில் படிய விடுவார்கள். படிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மிச்சம்தான் வடிகட்டித் தொட்டிக்கு வரும். நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான்கு தொட்டி, அந்தப் பக்கம் நான்கு. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே உடைத்த கரி, கரிக்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே பொடியிலிருந்து பெரியது வரை அடுக்கிய கூழாங்கல், கடைசியில் துளை போட்ட தரை. பெரிய அழுக்கைக் கரி பிடித்துக்கொள்ளும். அதற்குத் தப்பியதை மணல் பிடித்துக்கொள்ளும். கூழாங்கல்லுக்கு மேலே இருப்பவற்றைத் தாங்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது. "நம்ம ஆபீஸ் மாதிரிதான். மேல இருக்கறது அலட்டிக்கும், நடுவுல இருக்கறது வேலை செய்யும், கீழ இருக்கறது தாங்கணும்" என்பார் ஃபிட்டர். அவர் தன்னைக் கூழாங்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை.

பிடித்த அழுக்கு எங்கே போகும்? எங்கும் போகாது, கரியிலும் மணலிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். சேரச் சேரத் தண்ணீர் இறங்கத் திணறும். அந்தத் திணறலைக் காட்டத்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கேஜ். அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மணி அடிக்கும். உடனே தொட்டியை நிறுத்திக் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் வாளியும் துடைப்பமும் இல்லை. தண்ணீரைக் கரியின் தலைமட்டம் வரை இறக்கிவிட்டு, அடியிலிருந்து முதலில் காற்றை ஊத வேண்டும். தொட்டி முழுக்க உலை கொதிப்பது போலக் குமிழும். கரியும் மணலும் ஒன்றோடொன்று உரசி அழுக்கை விடும். பிறகு காற்றை நிறுத்திவிட்டு, கீழிருந்து நல்ல தண்ணீரை மெதுவாக மேலே விட வேண்டும். மணல் உப்பி எழும். அழுக்குத் தண்ணீர் மேலே இருக்கிற வாய்க்கால்களில் வழிந்து ஓடும். தெளிந்ததும் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூட வேண்டும். அப்போதுதான் கனமான மணல் முதலில் இறங்கி, லேசான கரி அதன் மேல் படியும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்துபோகும்.

இதோடும் விடாது. கழுவி முடித்த தொட்டி முதலில் தரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத கலங்கலோடுதான் இருக்கும். ரொம்பச் சுத்தமான மணலுக்கு அழுக்கைப் பிடிக்கத் தெரியாது. கொஞ்சம் அழுக்கு ஏறி, மணல் பழகின பிறகுதான் ஒழுங்காக வடிகட்டும். அதுவரை வருவதைச் சாக்கடையில்தான் விட வேண்டும். ஊரில் குழாய் காய்கிறது என்று போன் வந்துகொண்டே இருக்கும். ஊருக்கு அனுப்பச் சேர்த்து வைக்கும் தேக்கத்தில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல தண்ணீர் மாதிரித் தெரிவதைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு நிற்பார்கள்.

யாருடைய ஷிஃப்டில் முள் சிவப்பைத் தொடுகிறதோ அவர் கழுவ வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். மாப்பிள்ளையின் ஷிஃப்டில் மட்டும் எந்த முள்ளும் சிவப்பைத் தொட்டதில்லை. அதிர்ஷ்டக்காரன் என்று நினைக்க வேண்டாம். விடியும் நேரத்தில் எந்தத் தொட்டியின் முள் ஏறுகிறதோ, அந்தத் தொட்டியின் வெளிவால்வுச் சக்கரத்தை அவன் கொஞ்சம் இறுக்கிவிடுவான். அதன் வழியே போகும் தண்ணீர் குறையும், திணறல் குறையும், முள் நல்ல பிள்ளையாக இறங்கிவிடும். அந்தச் சுமை மற்ற தொட்டிகளின் தலையில் விழும். காலையில் அக்கா வந்து சக்கரங்களைப் பழையபடி திறந்தால் மூன்று தொட்டிகளின் முள்ளும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாகச் சிவப்பில் போய் நிற்கும். மேலே கழுவுதண்ணீர்த் தொட்டியில் இருப்பதோ இரண்டு கழுவலுக்குத்தான் வரும். மூன்றாவதற்கு அது மறுபடி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். ஊர் முழுக்கக் குழாயைத் திறக்கிற நேரம் அது.

அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். "போய்த் தூங்குடா, கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு" என்று அவனை அனுப்பிவிட்டுச் சக்கரங்களிடம் போவாள். அவன் தூங்கி எழுந்து வந்த கண்தான் அது என்பது அவளுக்கும் தெரியும். வருஷக்கணக்காக இதே கதை.

"உனக்குத் தண்ணியில கண்டம்" என்பார் அவள் கணவர். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். சாயங்காலம் அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தால், அவர் வீட்டில் இருக்கும் தையல் மிஷினை நிறுத்தாமலே பேசுவார். "ஊருக்கே தண்ணிய வடிகட்டறே. உன் தம்பிய எப்போ வடிகட்டப் போறே?"

"அவனை எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? நீதான் அவனை இழுத்துக்கிட்டுத் திரியறே, முட்டி போற வரைக்கும்."

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பு இருக்காது. அலுப்பு என்றால் தூங்கினால் போகிற அலுப்பு இல்லை. தூங்கி எழுந்தவுடனே இன்றைக்கும் மூன்று என்று நினைப்பு வரும். அங்கேயே பாதி ஆள் செத்துவிடுவாள்.

லேப் விஷயமாக அவள் இன்ஜினியர் மேடத்திடம் போய்க் கேட்டபோது, அவர் மறுக்கவில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு தொட்டியின் குணமும் தெரியும், தண்ணீரின் கலங்கலை அளந்து பார்க்கிற வேலைக்கு அவளைவிட யார் பொருத்தம் என்று அவரே சொன்னார். ஆனால் கெட்டிக்காரப் பெண். விஷயத்தை வேறு பக்கம் பிடித்தார்.

"நீங்க லேப்புக்கு வந்துட்டா காலை ஷிஃப்டுக்கு அனுபவம் இருக்கற ஆள் உங்க தம்பிதான். அவரு தனியா சமாளிப்பாராக்கா?"

"சமாளிப்பான் மேடம்."

"எனக்கு ஒண்ணு புரியல. தெனமும் காலையில மட்டும் எப்படி மூணு தொட்டி ஒண்ணா அழுக்காகும்?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ராத்திரி ஆத்துல கலங்கல் ஜாஸ்தியா வருது மேடம்" என்றாள். இவ்வளவு வருஷத்தில் அந்த ஆற்றின் மேல் இவ்வளவு கேவலமாக யாரும் பழி போட்டதில்லை.

மேடம் சிரிக்கவில்லை. "சரி. இந்த மாசக் கடைசி வரைக்கும் நீங்க லேப்ல உக்காருங்க. தம்பி காலை ஷிஃப்ட் பாக்கட்டும். அப்புறம் நீங்களே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, முடியும் முடியாதுன்னு. உங்க வார்த்தைய வெச்சு நான் கையெழுத்துப் போடறேன். ஆனா மாசம் முடிஞ்சா லேப்புக்கு ஆள் போட்டே ஆகணும். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

ஒரு வார்த்தை. சும்மா தலையாட்டினால்கூடப் போதும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவுக்கு முட்டி வலிக்கவே இல்லை.

லேப் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை உடைந்திருந்தது. அக்காவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். எட்டுத் தொட்டிகளிலிருந்தும் மெல்லிய குழாய்கள் சுவரோரமாக வந்து ஒரு சிங்க்கின் மேல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருக்கும். கண்ணாடிக் குப்பியில் பிடித்து, துடைத்து, மீட்டரில் வைத்தால் கலங்கல் எவ்வளவு என்று எண் வரும். பக்கத்திலேயே எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று காட்டும் பலகையும் இருந்தது. ஓய்வு பெறப் போகிற பெரியவர், "இங்க ஒரே கஷ்டம் தூக்கம்தான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தக் கஷ்டத்தைப் பட ஆரம்பித்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை காலைக்கு வந்துவிட்டதால் இரவுக்கு வேறொரு ஆளைப் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் தன் பங்கை ஒழுங்காகக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஆற்றுத் தண்ணீரும் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு தொட்டிகூடச் சிவப்பைத் தொடவில்லை. அவன் சட்டை கசங்காமல் மத்தியானம் லேப் வாசலில் வந்து நின்று, "எப்படிக்கா போகுது?" என்று கேட்பான். அக்கா மீட்டரைக் காட்டுவாள். இரண்டு பேருக்கும் பெருமை பிடிபடவில்லை. முடியும் என்று மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அதில் பொய் என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே கேட்டும் கொண்டாள்.

பிறகு மலைப்பக்கம் மழை பெய்தது.

ஆறு செம்மண் குழம்பாக வந்தது. குளங்களில் படிகாரத்தைக் கூட்டிப் போட்டும் பாதிதான் படிந்தது. மிச்சமெல்லாம் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. இரவு ஆள் நாள்தவறாமல் கழுவித்தான் கொடுத்தார், ஆனால் இந்தத் தண்ணீரில் எந்தத் தொட்டியும் அரைநாள் தாங்காது. அக்கா காலையில் லேப்பில் உட்கார்ந்து குப்பிகளைப் பிடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பலகையில் இரண்டாம் தொட்டியில் போகும் தண்ணீர் குறைந்தது. அப்புறம் ஐந்தாம் தொட்டி. அப்புறம் ஏழு.

மணி அடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் கை எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அப்படியே தெரிந்தது. மூன்றையும் இறுக்கினால் அந்தத் தண்ணீர் எல்லாம் மற்ற ஐந்தின் தலையில்தான் விழும். ஏற்கெனவே அழுக்கைச் சுமந்து நிற்கிற மணலைத் தண்ணீர் வேகமாக இடித்துத் தள்ளினால், பிடித்து வைத்த அழுக்கும் சேர்ந்து கீழே போய்விடும். அவள் முதலாம் தொட்டிக் குப்பியை மீட்டரில் வைத்தாள். எண் ஏறியிருந்தது. நான்காம் தொட்டி அதைவிட மோசம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஊருக்குப் போகிற தண்ணீரிலேயே கலங்கல் தெரியும்.

லேப் வேலை என்னவென்றால், இந்த எண்ணை மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அக்கா போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். எழுந்து நடந்தாள். தான் போய் ஓசைப்படாமல் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். படியில் முட்டிகள் தங்கள் பாட்டைப் பாடின.

மாப்பிள்ளை ஐந்தாம் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அக்கா நேராகச் சக்கரத்துக்கு வந்தாள். அவன் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அந்த ஒதுங்கல் அவளை என்னவோ செய்தது. பெரியவர்கள் வரும்போது பிள்ளைகள் ஒதுங்குவார்களே, அப்படி இருந்தது. அவள் சக்கரத்தில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏன்டா கழுவல?"

"நீ வருவேன்னு தெரியும்."

"நான் லேப்ல இருக்கேன்டா!"

"வந்துட்டியே."

அக்காவுக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. "மூணு தொட்டி! மூணையும் இறுக்கி வெச்சுட்டு சட்டை கசங்காம நிக்கறே. ஊரெல்லாம் இந்தக் கலங்கலைக் குடிக்கப் போகுது. எவ்வளவு வருஷமாடா நான் உன் தொட்டியக் கழுவறேன்? எனக்கு முட்டியே போச்சுடா! ஒரு நாளாவது அக்கா நிக்கறாளேன்னு உனக்குத் தோணிச்சா? சோம்பேறி!"

அவன் மெதுவாகச் சொன்னான். "நீதானக்கா தொடாதேன்னு சொன்னே."

"எது? நானா? எப்போ?"

"வேலைக்கு வந்த புதுசுல. ஏழாம் தொட்டி. காத்த நிறுத்தாமலே தண்ணியை முழுசாத் திறந்துட்டேன். கரி எல்லாம் வாய்க்கால்ல ஏறி அடிச்சுக்கிட்டுப் போச்சு. நீ ஓடி வந்து என் கையிலேருந்து சக்கரத்தைப் பிடுங்கினே. ஃபிட்டரு, அப்போ இருந்த ஆளுங்க எல்லாரும் இருந்தாங்க. 'இனிமே நீ எதையும் தொடாதே. முள்ளு ஏறினா அப்படியே வை, நான் வந்து பாத்துக்கறேன்'னு சொன்னே. அப்படியே வெச்சா மணி அடிக்குது. அதான் கொஞ்சம் இறுக்கி வெப்பேன், நீ வர்ற வரைக்கும்."

கரி போனது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. கூடை கூடையாகப் போனது. அதற்குப் பதில் புதுக் கரி வாங்கிப் போடுவதற்குள் அவள் பட்ட பாடும் நினைவிருந்தது. தான் அப்படிச் சொன்னது மட்டும் சுத்தமாக நினைவில்லை. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதும் அது தன் பேச்சுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் அப்படித்தான் பேசுவாள். பாத்திரமானாலும் சரி, தொட்டியானாலும் சரி, அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கித்தான் செய்வாள்.

"அது அன்னிக்கு ஆத்திரத்துல சொன்னதுடா."

"மறுநாள் நானே கழுவறேன்னு வந்தேன். 'போய்த் தூங்கு'ன்னு சொன்னே. அதுக்கு மறுநாளும் சொன்னே." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அது என் தப்புதான். ஆனா இப்போ எனக்கு நெசமாவே பயமா இருக்குக்கா. கையி வரல."

அக்கா நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னை மாதிரி தொட்டி கழுவ இந்த நிலையத்தில் ஆள் கிடையாது என்று அவள் எத்தனை முறை வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறாள்! உண்மைதான், ஆள் கிடையாது. அவள் யாரையும் கழுவ விட்டால்தானே ஆள் இருப்பார்கள்? அலுப்பு அலுப்பு என்று புலம்பிக்கொண்டே அந்தச் சக்கரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மார்போடு அணைத்து வைத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

நடைபாதையில் இருந்த போனை எடுத்து மேடத்திடம் எண்களைச் சொன்னாள். ஒன்று எவ்வளவு, நான்கு எவ்வளவு, எந்த மூன்றில் சக்கரம் இறுக்கியிருக்கிறது, எல்லாம் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டு, "கழுவு" என்றாள்.

"நீ சொல்லு, நான் செய்யறேன்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியும். நெனச்சு நெனச்சு செய்."

சொல்லிவிட்டாளே தவிர, வாயைக் கட்டுவது அவளுக்குப் பிராண சங்கடமாக இருந்தது. அவன் உள்ளே வரும் தண்ணீரை மூடினான். மட்டம் இறங்கும் வரை நின்றான். காற்றைத் திறந்தான். ஐந்தாம் தொட்டி பொருமிக்கொண்டு குமிழிட்டது, கறுப்பும் செம்மண்ணுமாகக் கொப்பளித்தது. பிறகு அவன் தண்ணீர்ச் சக்கரத்துக்கு வந்து அதில் கையை வைத்தான். காற்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காத்த நிறுத்துடா, காத்த நிறுத்துடா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தன் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

அவன் சக்கரத்தை விட்டுவிட்டுப் போய்க் காற்றை நிறுத்தினான். குமிழ்கள் அடங்கும் வரை காத்திருந்தான். அப்புறம்தான் தண்ணீரைத் திறந்தான், பயந்து பயந்து, தேவைக்கும் மெதுவாக. மணல் எழுந்தது. அழுக்கு வாய்க்காலில் வழிந்து ஓடியது. அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மேடம் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு தொட்டிக்கு ஆக வேண்டிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனது. முதல் தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். தேக்கத்தில் மட்டம் இறங்கியது. ஊரில் பல தெருக்களில் குழாய் காய்ந்தது. போனில் வந்த வசவுகளை எல்லாம் மேடமே வாங்கிக்கொண்டார். அடுத்த தொட்டியில் அவன் சக்கரத்தைத் திறக்கப் போய், பயந்து கையை எடுத்துவிட்டான். அக்காவும் இரவு ஆளுமாக மற்ற இரண்டையும் முடித்தார்கள். அந்த மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வரும்படி ஆயிற்று.

எல்லாம் அடங்கிய பிறகு மேடம் கேட்டார். மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான். "இப்போ சொல்லுங்கக்கா. இவரால முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிடலாம். ஒரு தொட்டியைக் கழுவிக் காட்டிவிட்டான், இனிமேல் பழகிவிடுவான், மழையும் தினம் பெய்யாது. நாற்காலி லேப்பில் காலியாக இருந்தது. அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் கெஞ்சவில்லை.

"இப்போ முடியாது மேடம்" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனா அவனால கழுவ முடியலைன்னு எழுதாதீங்க. நான் விடலைன்னு எழுதுங்க."

மேடம் எதையும் எழுதவில்லை. அந்த மாசக் கடைசியில் லேப்புக்கு வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், சின்ன வயது, முட்டிகள் உறுதியாக இருந்தன. அக்கா பழையபடி காலை ஷிஃப்டுக்கும், மாப்பிள்ளை இரவு ஷிஃப்டுக்கும் போனார்கள். இரண்டு பேரும் சில நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலை அக்கா வந்தபோது தொட்டிகளுக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதை நிறுத்தாமல் விட்டிருந்தான். அவன் தலை கலைந்திருந்தது, பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ரெண்டு கழுவிட்டேன்க்கா. ஆறாவதுல கொஞ்சம் கரி போயிடுச்சு, பாத்துக்க. மூணாம் தொட்டி இப்பதான் செவப்புல வந்துச்சு. சக்கரத்தைத் தொடல."

அக்கா ஆறாம் தொட்டியின் வாய்க்காலைப் பார்த்தாள். அவன் சொன்னதைவிட அதிகமாகவே கரி கிடந்தது. வாயைத் திறந்தாள். "சரி, போ" என்றாள். தூங்கு என்று சொல்லவில்லை.

அன்று அவள் கழுவியது ஒரே ஒரு தொட்டி. கழுவிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியில் சாய்ந்து நின்றாள். மற்ற முட்கள் எல்லாம் கீழேயே இருந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கணவர் வழக்கம்போல மிஷினை நிறுத்தாமல் கேட்டார்.

"இன்னிக்கும் மூணா?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணா? பரவாயில்லையே!" என்று அவர் திரும்பிப் பார்த்தார். மிஷினை நிறுத்தினார். "அதுக்கு ஏன் அழறே?"

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எத்தனையோ வருஷமா இப்படி ஒண்ணே ஒண்ணு கழுவியிருக்கலாம்ங்க" என்றாள்.